அம்மாவின் அட்டைப்பெட்டிகள்: எதைத் துடைத்தோம், எதை விட்டோம்

ஓரம் கிழிந்த ஸ்கெட்ச் புத்தகங்கள், வாட்டர்கலர் ஓவியங்கள், ஒட்டும் பக்கங்கள் கொண்ட போட்டோ ஆல்பங்கள், பூத்தையல் போட்ட துணிகள், ஒரு நூல் பெட்டி, ஒரு பை நிறைய கேசட். அம்மா விட்டுப்போனவை இவ்வளவுதான். அவர் பெயர்பெற்ற ஓவியர் இல்லை, கண்காட்சி எதுவும் வைத்ததில்லை. ஆனால் கையில் பென்சிலோ ஊசியோ இல்லாமல் அவர் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் படம் போட்டுக்கொண்டே கதை சொல்லும் பாட்டி. இதையெல்லாம் மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்வது, பிரதி எடுப்பது, கடைசியில் பிள்ளைகள் கையில் வைத்துப் புரட்டும்படி ஒரு புத்தகம் கட்டுவது என்று அக்காவும் நானும் முடிவெடுத்தோம். அந்த வேலையைப் பற்றிய குறிப்புகள் இவை.

முதலில் எதையும் வகை பிரிக்கவில்லை. கை பரபரக்கத்தான் செய்யும்: ஓவியம் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம் என்று அடுக்கத் தோன்றும். அடுக்கிவிட்டால் எது எதோடு இருந்தது என்ற தகவல் போய்விடும். ஆவணக் காப்பகங்களில் ஒருவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல் காப்பதை அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியையும் அடுக்கு அடுக்காக எடுத்து, எடுக்க எடுக்க மேலிருந்து போனில் படம் பிடித்தோம். ஒரு மீன்கொத்தி ஓவியத்துக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. எந்த நீலத்தோடு எந்த நீலத்தைக் கலந்தார் என்று பென்சிலில் நாலு வரி. தனியாகப் பார்த்தால் அது குப்பை, அந்த ஓவியத்தோடு பார்த்தால் அதன் செய்முறை.

ஆல்பங்களில்தான் அவசரம் இருந்தது. 1970களிலும் 80களிலும் நிறைய விற்ற அந்த வகை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: தடித்த அட்டையில் பசைக்கோடுகள், மேலே மூடும் பிளாஸ்டிக் தாள். அட்டையில் அமிலம் இருக்கும், பசை நாளடைவில் மஞ்சளாகி இறுகும், மேல்தாள் பிவிசியாக இருந்தால் அது சிதையும்போது வெளிவிடும் பொருள்கள் போட்டோவைக் கெடுக்கும். ஆக மூன்று பக்கமும் தாக்குதல். பிரிக்கும்முன் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே முழுதாக ஸ்கேன் செய்தோம், பிரிக்கும்போது ஏதாவது நேர்ந்தாலும் அந்தப் பிரதியாவது மிஞ்சும் என்று. அப்புறம் மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுத்துப் பசையை அறுத்தோம். போட்டோவை வளைத்துப் பிய்க்கவே கூடாது, மேல் படலம் விரிசல் விடும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுலபமாக வரும் என்பவர்கள் உண்டு. போட்டோவின் மேல் படலம் ஜெலட்டின், சூடும் ஈரமும் அதற்கு ஆகாது, அதனால் நான் அந்த வழிக்குப் போகவில்லை. வராத படங்களை விட்டுவிட்டு, சுற்றியிருந்த அட்டையோடு கத்தரித்து எடுத்தோம்.

பிரிந்து வந்தவற்றின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் முதுகில் அம்மா பென்சிலில் பெயர்கள் எழுதியிருந்தார். பிற்காலக் கலர் படங்கள் பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் அச்சானவை, அதில் பென்சில் பிடிக்காது. அதனால் அவற்றுக்குத் தனிச்சீட்டு வைத்திருந்தார். அந்தச் சீட்டுகள் படத்தைவிட்டுப் பிரியாதபடி இரண்டையும் ஒரே உறையில் போட்டோம். உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். உறை போட்டோவைக் கெடுக்காதா என்று பார்க்க ஐஎஸ்ஓ 18916 என்று ஒரு சோதனைத் தரம் இருக்கிறது. அதில் தேறியதென்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது.

இனி ஓவியங்கள். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போனது.

அம்மா ரோஜா நிறத்துக்கு அலிசரின் கிரிம்சனை நம்பியவர். அசல் அலிசரின் நிறமி வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. மெல்லிசாகப் பூசியிருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருந்த பூச்சாடி ஓவியத்தில் பூக்கள் கிட்டத்தட்ட சாம்பலாகிவிட்டன. சட்டத்தைப் பிரித்தபோது, சுற்றியிருந்த அட்டைக்கு அடியில் வெளிச்சம் படாமல் இருந்த விளிம்பில் ஒரு இதழின் நுனி மட்டும் அன்று பூசிய சிவப்பிலேயே இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. வெளிறிய நிறம் திரும்பி வராது, இருட்டில் வைத்தால் இனிமேல் போவதுதான் நிற்கும். அருங்காட்சியகங்கள் வாட்டர்கலரைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில், அதுவும் குறிப்பிட்ட காலம்தான் வைக்கின்றன. பகலில் ஜன்னல் ஓரத்தில் அதைப்போல் பல மடங்கு விழும். அதனால் அசலை உறையிலிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவரில் பிரதியை மாட்டினோம்.

அந்தப் பிரதியில் எந்த நிறம் இருக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் விவாதம். கணினியில் சிவப்பை ஏற்றிவிடுவது சுலபம். எவ்வளவு ஏற்றுவது? ஊகித்து ஏற்றினால் அது என் ஓவியமாகிவிடும். கடைசியில், இப்போது இருக்கிறபடியே ஒரு முதல் பிரதி, அதைத் தொடுவதில்லை. விளிம்பில் தப்பிய அந்த இதழ் நுனியை அளவாக வைத்து நிறம் மீட்ட இன்னொரு பிரதி, அதன் கோப்புப் பெயரிலேயே 'நிறம் மீட்டது' என்ற சொல். சுவரில் இருப்பது இரண்டாவது.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் உணரி இருக்கும். கண்ணாடியில் அழுந்தி ஒட்டிய தாளை நன்றாகவே எடுக்கும், ஆனால் கொஞ்சம் மேலெழுந்த இடம் மங்கிவிடும். வாட்டர்கலர் தாள் தண்ணீர் குடித்து அலையலையாக நிற்பது. அதற்கு, மேலெழுந்த இடத்தையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர்தான் சரி. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சுருக்கப்படாத டிஃப் கோப்பாகச் சேமித்தோம். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் இந்த அளவில் சுமார் 26 எம்பி வரும், பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் அடங்காத பெரிய ஓவியங்களை கேமராவில் எடுத்தோம். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, கூடவே நிறத்தைச் சரிபார்க்க ஒரு சாம்பல் அட்டை. கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி: ஓவியம் இருக்கும் தளத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள், லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழுந்தால் நேராக இருக்கிறது.

அப்புறம் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதைக் கிட்டத்தட்ட தாளோடு தாளாகப் படுக்கவைத்தும் ஒருமுறை எடுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தாளின் மேடுபள்ளம் தெரியும். ஒரு சிறுமியின் படத்தில், அம்மா கையை இரண்டு விதமாக வரைந்து அழித்திருந்த தடம் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாவதாக வரைந்த கை நாங்கள் எப்போதும் பார்த்தது. முதல் கை இன்னும் அழகு என்பது என் கருத்து, அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

விளிம்புகளை வெட்டாமல் ஸ்கேன் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். அம்மா தூரிகையில் எடுத்த நிறத்தைத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் வைப்பார். சட்டம் போட்டவர் அந்தக் கோடுகளை அட்டையால் மறைத்திருந்தார். புத்தகத்தில் அவற்றோடு சேர்த்தே அச்சிட்டோம். படம் முடிவைத்தான் காட்டும். தயங்கியது, மாற்றியது, நீலத்தில் கொஞ்சம் பச்சை சேர்த்துப் பார்த்தது எல்லாம் ஓரத்தில் இருக்கிறது, எனக்கு அம்மா அங்கேதான் அதிகம் கிடைத்தார்.

சுத்தம் செய்வதில் மிருதுவான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். ரப்பர் துகளால் மேல் அழுக்கை எடுப்பது வெற்றுப் பரப்புகளில் மட்டும். ஒரு தாளின் மூலையில் பச்சை நிறத்தில் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. "டேய், அதை மட்டும் தொட்டுடாதே" என்றாள் அக்கா. நான் தொடுவதாக இல்லை. கரித்துண்டால் வரைந்தவற்றை பிளாஸ்டிக் உறையில் போடவில்லை, அதில் உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து, பெட்டியில் படுக்கையாக அடுக்கினோம்.

கிழிந்த தாள்களை ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டிலேயே பழகிக்கொள்ளக்கூடியது. வேண்டியவை கோசோ எனப்படும் ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். கோசோ மல்பெரி வகை மரத்தின் பட்டை நாரில் செய்வது. இழைகள் நீளம், அதனால் மெல்லிசாக இருந்தும் பலம் அதிகம். மைதாப் பசை வேண்டாம், அதிலுள்ள புரதம் இறுகிவிடும், பூச்சியையும் இழுக்கும். ஸ்டார்ச் மட்டும் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. சிறு தீயில் கைவிடாமல் கிளறி, வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறியதும் நுண்ணிய சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும். வேண்டிய அளவு தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். இந்தப் பசையின் பெரிய குணம், பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம்.

கோசோவைக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மெல்லப் பிய்க்க வேண்டும். இழைகள் பிசிராக நிற்கும், ஒட்டிய பின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. கிழிசலின் இரண்டு உதடுகளில் எது மேலே, எது கீழே என்று பார்த்துச் சேர்த்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில்தான் துண்டை ஒட்ட வேண்டும். வாட்டர்கலர் என்பதால் ஈரம் குறைவாக, பசை கெட்டியாக. மேலே ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் உறிஞ்சும் தாள், அதன்மேல் கனம். உறிஞ்சும் தாளைச் சிறிது நேரம் கழித்து மாற்றினால் தாள் சுருங்காது. முதலில் வெற்றுத்தாள்களைக் கிழித்துக் கிழித்து ஒட்டிப் பழகினோம், அது நல்லதாயிற்று.

அம்மாவே சில இடங்களில் செலோ டேப் ஒட்டியிருந்தார். டேப்பின் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிட்டால் கரைப்பான் இல்லாமல் எடுக்க முடியாது, எடுக்கப்போனால் நிறமும் சேர்ந்து வரும். அவை காகிதப் பராமரிப்பாளரின் வேலை. நாங்கள் அவற்றைத் தனியாக வைத்திருக்கிறோம்.

துணிகளுக்கு வருகிறேன். மடித்தே கிடந்த துணியில் மடிப்புக்கோட்டில்தான் நூல் அறும். அதனால் அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில், தையல் வெளிப்பக்கம் வரும்படி சுற்றிவைத்தோம். துவைக்கவில்லை. சாயம் போகுமா என்று, ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பார்த்ததில் சிவப்பும் கறுப்பும் இறங்கின. அதோடு அந்த யோசனையை விட்டோம். வலை போர்த்தி அதன்மேல் வாக்குவம் கிளீனரை மெல்ல ஓட்டியதே போதுமானதாக இருந்தது.

ஒரு துணி இன்னும் வளையத்திலேயே இருந்தது. பாதி மயில், கழுத்தில் ஊசி. ஊசி துருவேறத் தொடங்கியிருந்தது, விட்டுவைத்தால் துணியில் கறை பரவும். எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு, ஊசியை எடுத்துத் தனி உறையில் போட்டோம். வளையத்தையும் கழற்றினோம். அதை முடித்துவிடலாம் என்றாள் என் மகள். நான் கூடாது என்றேன், அவளுக்குக் கோபம். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். துணியைத் திருப்பினால் நூல் எங்கே தொடங்கியது, எங்கிருந்து எங்கே தாவியது, எங்கே முடிச்சுப்போட்டது என்று தெரியும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் தைத்தவரின் மனசு ஓடிய வழி இருக்கிறது. பாட்டி கழுத்தைக் காம்புத் தையலில் தொடங்கி, இறகுகளுக்கு நீளக்குட்டைத் தையல் வைத்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, புதுத்துணியில் அவள் தன் மயிலைத் தைக்கிறாள்.

கேசட்டுகள். காம்பாக்ட் கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963இல். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. பல வருஷம் ஓடாமல் கிடந்ததை நேரே ப்ளே அழுத்தக் கூடாது. முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினால் இறுக்கம் சமமாகும். அதற்கு முன் பின்பக்கத் தடுப்பு முனைகளை ஒடித்துவிடுங்கள், தவறுதலாகப் பதிவாகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத்துண்டு உதிர்ந்து போயிருந்தது. அந்தப் பஞ்சு இல்லையென்றால் ஒலி மங்கி மங்கி வரும். திருகாணி போட்ட ஒரு வெற்று கேசட்டைத் திறந்து, நாடாச் சுருள்களை அதற்குள் மாற்றினோம். உறை ஒட்டி மூடியதாக இருந்தால் மெல்லிய அலகால் பொறுமையாகப் பிளக்க வேண்டும், நாடாவைக் கையால் தொடாமல்.

பஞ்சு சரியாக இருந்தும் ஒலி மூடினாற்போல இருந்தால் ஹெட்டின் சாய்வு பொருந்தாமல் இருக்கலாம். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, கேட்டுக்கொண்டே இம்மியளவு திருப்பினால் 'ஸ', 'ச' ஓசைகள் தெளியும் ஓர் இடம் வரும். பழைய நிலையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கணினியில் பதிவு செய்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், வேவ் கோப்பாக. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி வரும்.

ஒரு கேசட்டில் அம்மா பேத்திக்குக் கதை சொல்கிறார். பின்னால் ஒரு சரசரப்பு. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளில் போட்டதும் குரல் பளிச்சென்று ஆனது, சரசரப்பு போனது. அப்புறம்தான் மகள், "அப்பா, அது பாட்டி பென்சில் சத்தம்" என்றாள். மென்பொருளுக்கு நாடாவின் இரைச்சலும் பென்சில் தாளில் உரசும் ஓசையும் ஒன்றுதான், இரண்டும் எல்லா அலைவரிசையிலும் பரவிய ஓசை. சுத்தம் செய்த பிரதியை அழித்துவிட்டோம். காப்பதும் கேட்பதும் பதிவானபடியே உள்ளதைத்தான். அந்தப் பதிவில் அம்மா, "கொம்பை எங்கே வைக்கலாம், சொல்லு" என்கிறார். "முழங்கையில" என்கிறது குழந்தை. பென்சில் ஓடுகிறது, சிரிப்பு. ஸ்கெட்ச் புத்தகங்களைத் திரும்பப் புரட்டியபோது முழங்கையில் கொம்பு முளைத்த அந்த மிருகம் இருந்தது, சிரித்த முகத்தோடு. அந்தக் குழந்தைதான் இப்போது மயில் தைத்துக்கொண்டிருப்பவள்.

உறவினர்களிடம் பேசிப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள், தாளைவிட அதுதான் சீக்கிரம் மறையும். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எல்லோரும் நல்லவர், அன்பானவர் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து "இது எப்போது வரைந்தது?" என்றால் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பதிவில் படத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் "இதோ இவர்", "அந்தப் பக்கம் நிற்பவர்" என்று வருவது யாரென்றே தெரியாது.

கோப்புப் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசை வைத்தால் தானாகவே கால வரிசையில் அமையும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில்.

புத்தகத்துக்கு மூன்று முடிவுகள்தான் முக்கியம். ஒன்று, சிறந்த ஓவியங்களின் தொகுப்பாக ஆக்கவில்லை. அரைகுறைகளும், நிறச்சீட்டுகளும், தையலின் பின்பக்கமும் பாதி இடத்தை எடுத்துக்கொண்டன. இரண்டு, க்யூஆர் கோடு வைக்கவில்லை, அது காட்டும் இணைப்பு பிள்ளைகள் வளர்வதற்குள் செத்துப்போகலாம். கொம்பு உரையாடலை மிருகத்தின் பக்கத்தில் எழுத்தாகவே அச்சிட்டோம், நிறுத்தம், சிரிப்பு எல்லாம் சேர்த்து. மூன்று, பசைக்கட்டு வேண்டாம், நூல்கட்டு. மடிப்புகளாகத் தைத்தால் பக்கம் முழுதாக விரியும், நடுவில் படம் விழுங்கப்படாது. பழுது வந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கவும் செய்யலாம். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும். தாளை எந்தப் பக்கமாக வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது.

பிரதிகளைக் கொடுத்த பிறகு அம்மாவின் தங்கை கூப்பிட்டார். "ஏம்ப்பா, ஆற்றங்கரைப் படத்துல நிக்கிறது உங்க பெரியம்மான்னு போட்டிருக்கே. அது நான்தான். அவ என்னிக்குப் பின்னலை முன்னால போட்டா?" அந்தக் குறிப்பை மாற்றிவிட்டேன். நூல்கட்டு என்பதால் அந்த மடிப்பை மட்டும் திரும்ப அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் பிரித்துத் தைத்தால் போதும். சித்தியின் பிரதியிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.